“சிவப்பு ஓடுமா?” என்று கேட்டார்கள், “நன்றாக ஓடும்” என்று எழுதிவிட்டேன்

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது:

புறக்கோட்டையில் சின்னதாக ஒரு துணிக்கடை நடத்துகிறேன். கைத்தறி மேசை விரிப்பு, தலையணை உறை, சாரம். பதினெட்டு வருடமாக இதே தொழில்தான். பில் போடும் அளவுக்கு ஆங்கிலம் வரும். மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால்தான் வியர்க்கும்.

போன மாதம் மெல்பேர்னிலிருந்து ஓர் அம்மையார் மேசை விரிப்புக்கு விலை கேட்டிருந்தார். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது, நாற்பது துண்டு. விலையெல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரே ஒரு வரி எழுதினார்: “டஸ் த ரெட் ரன்?” ரன் என்றால் ஓடுவது. சிவப்பு ஓடுமா என்று கேட்கிறார். கடைக்காரனிடம் போய் இதைக் கேட்டால் வேறென்ன சொல்வான்? “எல்லா நிறத்திலும் சிவப்புத்தான் அம்மா நன்றாக ஓடுகிறது, நத்தார் நேரத்தில் இன்னும் வேகமாக ஓடும்” என்று அப்படியே ஆங்கிலமாக்கி அனுப்பிவிட்டேன். அதோடு மறுமொழி நின்றுவிட்டது.

மூன்று நாள் பார்த்துவிட்டு, உயர்தரம் படிக்கும் மகளிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள். துவைத்தால் சாயம் போகுமா என்பதுதான் கேள்வியாம்.

இந்தச் சொல்லுக்கு இன்னும் எத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறது? “சாயம் போகாது” என்று எழுத என்ன சொல் போட வேண்டும்? வெயிலில் வெளிறிப்போவதும் அதே ரன்தானா?

வெள்ளவத்தை டீச்சர் எழுதியது:

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற வினைக்கு இருந்தது. பிறகு திருத்தி எழுதியபோது ரன் அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். நீங்கள் தவறவிட்டது அதில் ஒன்றைத்தான்.

பழைய ஆங்கிலத்திலேயே நீர் ஓடுவதற்கும் மனிதர் ஓடுவதற்கும் இந்த ஒரே வினைதான். அதனால் ஆறு, மூக்கு, உருகிய மெழுகு, சாயம் எல்லாம் அங்கே ஓடுகின்றன. நமக்கும் களனி கங்கை ஓடுகிறது, மூக்கு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, வீட்டுக்குச் சொல்லாமல் பெண் ஓடிப்போகிறாள். இவ்வளவு தூரம் கூடவே வந்த சொல், சாயத்துக்கு வந்ததும் கையை விட்டுவிடுகிறது. நமக்குச் சாயம் போகும், கழரும். சிங்களத்திலும் “பாட்ட யனவா”, அதுவும் போவதுதான்.

கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கடைக்கும் ரன்தான். நாமோ நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். (புறக்கோட்டைக் கடைகளைப் பார்த்து வைத்த சொல்லாக இருக்காது.) தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரித்தானியர் நிற்கிறார், நம் ஊரில் தேர்தல் கேட்கிறார். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று கேட்ட “முடிந்துவிட்டது” கூட ரன் அவுட்தான். ஆனால் மைதானத்தில் ரன் அவுட் என்றால் ஆள் வெளியே. கிரிக்கெட்டில் இன்னொரு வேடிக்கை: 1997இல் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக நாம் 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் எடுத்தோமே, அவற்றில் நான்காகவும் ஆறாகவும் வந்தவற்றுக்கு யாரும் ஓடி முடிக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அவை ஓட்டங்கள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடையிலேயே “சிவப்பு போகுமா?” என்று ஒருவர் கேட்டால்? வாங்க வந்தவர் கேட்டால் சாயத்தைக் கேட்கிறார். பக்கத்துக் கடை முதலாளி கேட்டால் விற்பனையைக் கேட்கிறார். தமிழில் நீங்கள் தடுமாற மாட்டீர்கள், ஆளைப் பார்த்ததும் விளங்கிவிடும். மின்னஞ்சலில் ஆளின் முகம் இல்லை.

இரத்மலானை எழுதியது:

நான் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். டீச்சர் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டார். வெளிறுவதற்கு ஃபேட் என்பார்கள், அது ரன் இல்லை. நாம் இரண்டையும் சாயம் போகிறது என்று ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம், வாங்குபவருக்கோ இரண்டும் வேறு வேறு தலைவலி. வெளிறினால் அந்தத் துணி மட்டும் கெடும். ஓடினால் பக்கத்துத் துணியும் கெடும். இதற்கே ப்ளீட் என்றும் சொல்வார்கள், இரத்தம் கசிவதுபோல. வெள்ளையில் சிவப்புக் கோடு என்பதால்தான் அந்த அம்மையார் பயந்திருக்கிறார்.

நீங்கள் தேடும் சொல் கலர்ஃபாஸ்ட். ஃபாஸ்ட் என்றதும் வேகம் என்று நினைத்து மறுபடி மாட்டிக்கொள்ளாதீர்கள், இங்கே அது கெட்டியாகப் பிடித்திருப்பது. ஐ.எஸ்.ஓ. 105 என்ற வரிசையில் இதற்கென்றே சோதனைகள் உண்டு. துணியோடு வெள்ளைத் துண்டைச் சேர்த்துத் துவைத்து, வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பிடுவோம், 5 என்றால் கறையே இல்லை. உங்களுக்கு இப்போது அவ்வளவு வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, கோட்டின் மேல் அழுத்தி இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். பார்க்காமல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வான்காரன் எழுதியது:

நான் பாடசாலை வான் ஓடுகிறேன். சென்னையில் சொந்தக்காரரிடம் இப்படிச் சொன்னபோது, “வானோடு சேர்ந்து நீங்களும் ஓடுவீர்களா?” என்று கேட்டார். அங்கே ஓட்ட வேண்டுமாம். உங்கள் அம்மையாராவது பேசாமல் இருந்துவிட்டார்.

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது:

டீச்சருக்கும் இரத்மலானைத் தம்பிக்கும் நன்றி. கலர்ஃபாஸ்ட் என்று எழுதி அனுப்புவதற்கு முன், சொன்னபடியே செய்து பார்த்தேன். கடையில் வெள்ளையாகக் கிடைத்தது என் கைக்குட்டை மட்டும். நனைத்து, இருபது வரை எண்ணித் தேய்த்தேன். பன்னிரண்டிலேயே ரோசா நிறம் வந்துவிட்டது. இருபதில் கைக்குட்டையை மகளிடமே கொடுத்துவிட்டேன்.

நெசவு செய்து தருபவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், இந்தத் தடவை வேறு சாயமாம், அவருக்கும் இப்போதுதான் தெரியுமாம். நாற்பது துண்டையும் திருப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, நான் அந்த அம்மையாருக்கு எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. சிவப்பு நன்றாகவே ஓடுகிறது.