புதுப்பிப்பு: கருப்பு வெள்ளைப் பிரிண்டில் பச்சை சாயல், சரியாகிவிட்டது

என் பழைய நாலு மை (கருப்பு, நீலம், மஞ்சள், மஜெந்தா என்கிற அடர் இளஞ்சிவப்பு) பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படம் போட்டால் நிழலெல்லாம் பச்சையடிக்கிறது, கம்மி விலையில் எதை வாங்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"எத்தனை மை என்று எண்ணாதீர்கள், சாம்பல் மை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பலித்தது. ஆறு மை என்று விற்கும் பல மாடல்களில் கூடுதலாக இருப்பது வெளிர் நீலமும் வெளிர் மஜெந்தாவும்தான். சாம்பல் நிறத்தை அவையும் வண்ணங்களைக் கலந்தே உண்டாக்கும்; கலவை துளி தப்பினாலும் சாயல் வந்துவிடும். கடைசியில் கேனன் ஜி570 வாங்கினேன். பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் டேங்க் வகை, வழக்கமான நாலு மையோடு சிவப்பும் சாம்பலும். ஏ4 வரைதான், எனக்கு அது போதும்.

பச்சை போய்விட்டது. ஆனால் முதல் பிரிண்ட் இருட்டாக வந்தது, பகீரென்றது. குற்றம் பிரிண்டரில் இல்லை, என் மானிட்டர் வெளிச்சம்தான் அதிகம்; இருட்டான படமும் அதில் வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. அதைப் பாதியாகக் குறைத்து, படத்தைத் திருத்திப் போட்டதும் சரி. அப்புறம், டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) காகித வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நான் ஒருமுறை சாதா காகிதம் என்றே விட்டு, ஒரு பளபளப்புத் தாளை வீணாக்கினேன்.