உதை குறைந்தது, சத்தம் கூடியது: மசில் பிரேக் பற்றி யோசனை சொல்லுங்கள்

என் 300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளில் மசில் பிரேக் (சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதைக் குறைக்க, குழல் முனையில் மாட்டும் துளையுள்ள கருவி) மாட்டியதிலிருந்து தோளுக்கு நிம்மதி, குண்டு விழும் இடத்தை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிறது, ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடுவதால் சத்தம் முழுக்க என் முகத்திலும் பக்கத்தில் படுத்துச் சுடுபவர் மேலும் அறைகிறது. பாவம், நேற்று அவர் இடம் மாறிப் போய்விட்டார். ரைஃபிள் வெடிச்சத்தமே 140 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பான், அதன்மேல் இயர்மஃப் என இரண்டும் போட்டுத்தான் சுடுகிறேன், அப்படியும் அதிர்வு நெஞ்சில் தெரிகிறது.

துளைகள் பின்னோக்கிச் சாயாமல் நேர்ப் பக்கவாட்டில் இருக்கும் பிரேக் போட்டால் உதை எவ்வளவு கூடும்? இல்லை, பிரேக்கையே கழற்றிவிட்டு, ரைஃபிள் எடையைக் கூட்டி நல்ல ரீகாயில் பேட் (தோளில் படும் இடத்தில் வைக்கும் மெத்தை) வைப்பது மேலா? சைலன்சர் உதை, சத்தம் இரண்டையும் குறைக்கும், சரி, எனக்கு அதற்கு அனுமதி இல்லை. இரண்டு விதமாகவும் சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.