எல்4–எல்5 பியூஷன்: கால் வலியே இல்லாதபோது தேவையா?

ஈரோடு_கார்த்தி:
அண்ணனுக்கு 43 வயது. ஒன்றரை வருடமாக இடுப்பு வலி. காலில் வலியோ மரத்துப்போதலோ இல்லை. எம்ஆர்ஐயில், இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு (எல்4–எல்5) நடுவே இருக்கும் ஜவ்வு தேய்ந்து கறுத்திருக்கிறதாம். ஸ்க்ரூ, ராடு, கேஜ் (ஜவ்வு இருந்த இடத்தில் வைக்கும் சின்னக் கூடு) வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்துவிடும் பியூஷன் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். இதுவரை செய்த பிசியோ, பத்து நாள் ஒத்தடம் மட்டும்தான். ஆபரேஷன் செய்தால் வலி போய்விடுமா?

முதுகெலும்பு_பிசியோ:
கறுத்த ஜவ்வை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் மூன்றில் இருவருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரியும்.

2001இல் வந்த சுவீடன் ஆய்வில் (294 பேர்) பியூஷன்தான் ஜெயித்தது. ஆனால் எதிரணிக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோ, அதாவது ஏற்கெனவே பலிக்காத அதே வைத்தியம். 2005 பிரிட்டன் ஆய்வில் (349 பேர்) எதிரணிக்கு வாரம் ஐந்து நாள், மூன்று வாரம், மனநல ஆலோசனையோடு கடும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், 100க்குப் போடும் இயலாமை மதிப்பெண்ணில் வித்தியாசம் நாலே நாலு. 2016இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, வெறும் இடுப்பு வலிக்கு ஆய்வுக்கு வெளியே பியூஷன் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

ஒத்தடம் எல்லாம் பிசியோ கணக்கில் சேராதுங்க.

ஆர்த்தோ_வாசகர்:
முதலில் நின்றபடி குனிந்தும் பின்னால் வளைந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ படுக்கவைத்து எடுப்பது. எலும்பு நழுவுவது அதில் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று, ஸ்க்ரூ தற்காலிக முட்டுதான். கடைசியில் எலும்பு வளர்ந்துதான் ஒட்டவேண்டும். அதற்கு 6 முதல் 12 மாதம். ஜவ்வைச் சுரண்டி எடுத்து, மேலும் கீழும் உள்ள குருத்தெலும்பையும் நீக்கினால்தான் ஒட்டு பிடிக்கும். அடியில் இருக்கும் கெட்டி எலும்பையும் சேர்த்துச் சுரண்டிவிட்டால் கேஜ் உள்ளே அமிழ்ந்துவிடும். ஒட்டு பிடிக்காவிட்டால் ஸ்க்ரூ தளரும். சிடி ஸ்கேனில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். பீடி, சிகரெட்டு, சர்க்கரை, எலும்புப்புரை எல்லாமே இதைக் கெடுக்கும். மெல்லுகிற புகையிலையிலும் நிகோடின் இருக்கிறது, அதை மறைக்கவேண்டாம். ஒட்டு நன்றாகப் பிடித்தும் வலி போகாதவர்கள் உண்டு. வலி அந்த ஜவ்விலிருந்துதான் வந்தது என்று நிச்சயமாகச் சொல்லும் பரிசோதனை கிடையாது.

ஈரோடு_கார்த்தி:
அப்போ யாருக்குத்தான் செய்யணும்?

ஆர்த்தோ_வாசகர்:
எலும்பு முறிவு, கிருமித்தொற்று, கட்டியால் முதுகெலும்பு நிலைகுலைந்தவர்களுக்கு. எலும்பு நழுவி, நரம்பு நசுங்கி, கால் வலியும் இருந்தால் யோசிக்கலாம். அதிலும் பலருக்கு நரம்பின் நெருக்கடியை விடுவித்தாலே போதும். ஆனால் சிறுநீர் திடீரென்று அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.