மூக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சை: உங்கள் அனுபவங்கள்

தூறல்:
அம்மாவுக்கு மூக்கில் தோல் புற்றுநோய். கட்டியை எடுத்ததில் ஒரு பக்க மடலே போய்விட்டது. நெற்றித்தோலை இறக்கித் தைத்தார்கள். புது இடத்தில் இரத்த ஓட்டம் பிடிக்க மூன்று வாரம் போல ஆகும், அதுவரை புருவத்திலிருந்து மூக்குவரை அந்தத் தோல்பாலம் தொங்கும், தெரிந்ததுதானே. ஒருநாள் புது மூக்கின் ஓரத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். "நெத்தியில ஏண்டி கை வைக்கிறே?" என்றாள். என் கை மூக்கில்தான் இருந்தது. தோல் இடம் மாறினாலும் அதன் நரம்பு நெற்றியிலிருந்துதான் வருகிறது என்று மருத்துவர் விளக்கினார். அந்தக் கேள்வி மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

பனிமூட்டம்:
எனக்குப் பந்து பட்டது. எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்தே கிடந்தது. நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு சேணம் மாதிரி உள்வாங்கிவிட்டது. பிறகு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நிமிர்த்தினார்கள். மூக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. முதல் தும்மல் வந்தபோதுதான், விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டு போனேன். இப்போதும் தும்மல் வந்தால் கை தானாக அங்கே போகிறது.

நெடுவழி:
தூறல், மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. எனக்கு மூன்றாவது வாரம் தோலைத் தூக்கி உள்ளே மெலிதாக்கி மறுபடி தைத்தார்கள். இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் பாலத்தை வெட்டினார்கள். அதுவரை கண்ணாடி போட வழியில்லை, பேத்தி முகம் மங்கலாகவே தெரிந்தது. அது போகட்டும். செய்துகொள்ளப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: புகைப்பிடிப்பதை முன்கூட்டியே நிறுத்துங்கள், நிகோடின் இரத்தக்குழாயைச் சுருக்கினால் ஒட்டிய தோல் கருகிவிடும். தோல் நீலமாகவோ வெளுத்தோ போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முன்நெற்றி குறுகலாக இருந்தால் மூக்கில் முடி முளைக்கலாம், முதலிலேயே கேளுங்கள். மூக்கில் அடிபட்டு இரண்டு பக்கமும் அடைத்தால் அன்றைக்கே இ.என்.டி. மருத்துவரிடம் போங்கள், கட்டிய இரத்தத்தை வெளியேற்றினால் குருத்தெலும்பு பிழைக்கும். நெற்றித்தோல் என்றதும் பயப்படவும் வேண்டாம். காவஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு இப்படி மூக்கு வைத்த செய்தி 1794இலேயே லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறது.

தூறல்:
எல்லோருக்கும் நடுவில் அந்தக் கட்டம் வேண்டியதில்லை, நெடுவழி. அம்மாவுக்கு இரண்டே கட்டம்தான். உள்பக்கச் சவ்வு தப்பியிருந்தது, காது மடல் குருத்தெலும்பு ஒரு துண்டு போதுமாக இருந்தது. எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.