தாத்தாவின் சி.டி.க்கள் – குடும்பக் குழு

அத்தை, கே.கே. நகர்: மருமகனே, அப்பாவின் பீரோவில் இருக்கும் சி.டி.க்களை எல்லாம் கணினியில் ஃப்ளாக் என்ற ஒலிக் கோப்புகளாக மாற்றப் போவதாக அண்ணன் சொன்னார். எம்.பி.3 என்றால் இடம் குறைவாகப் பிடிக்குமே, அது போதாதா?

நான்: போதாது அத்தை. எம்.பி.3 இடத்தை மிச்சப்படுத்துவது, காதுக்கு எட்டாது என்று கணிக்கும் பகுதிகளை வெட்டி எறிந்துதான். வெட்டியது திரும்பக் கிடைக்காது. சி.டி.யில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. ஃப்ளாக் அதில் ஒரு பிட்டைக்கூட விடாமல் சுருக்கி வைக்கிறது. ஒரு மணி நேரத் தட்டு ஏறக்குறைய 635 எம்.பி. இருக்கும். ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். காரில் கேட்க எம்.பி.3 வேண்டுமென்றால், அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா, மேலூர்: டவுன்ஹால் ரோட்டில் நான் வாங்கிய, 100 பாட்டுக்கு மேல் உள்ள தட்டையும் சேர்த்துக்கொள் தம்பி.

நான்: அது எம்.பி.3 தட்டு சித்தப்பா. அதிலுள்ள கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும். ஃப்ளாக்காக மாற்றினால் அளவுதான் பெருகும், தரம் கூடாது.

சித்தப்பா, மேலூர்: கீறல் விழுந்தவற்றை என்ன செய்வாய்?

நான்: முதலில் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கும்போது கீறல் விழுந்தால், அது தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடிப் பிழை திருத்தும் ஏற்பாட்டையே தோற்கடித்துவிடும். பிறகு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளால் படிக்க வேண்டும். சாதாரண பிளேயர் படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்விடும். இந்த மென்பொருளோ அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அத்துடன், அதே தட்டை மற்றவர்கள் எடுத்த பிரதியின் சரிபார்ப்பு எண்ணோடு நம்முடையதை அக்யூரேட்ரிப் என்ற இணையத் தொகுப்பு வழியாக ஒப்பிடும். அங்கே நம் தட்டு இல்லையென்றால், இரண்டு முறை படிக்கச் செய்து, இரண்டு சரிபார்ப்பு (சி.ஆர்.சி.) எண்களும் ஒன்றாக வந்தால்தான் ஏற்றுக்கொள்வேன்.

தங்கச்சி, திருமங்கலம்: அண்ணா, என் கணினியில் சி.டி.யைப் போட்டால் "ட்ராக் 01", "ட்ராக் 02" என்றுதான் வருகிறது.

நான்: பெரும்பாலான ஆடியோ சி.டி.க்களில் பாட்டின் பெயரே இருக்காதம்மா. தடங்களின் நீளத்தை வைத்து இணையத் தொகுப்பில் தேடித்தான் மென்பொருள் பெயர் போடுகிறது. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருளில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எம்.பி.3டேக் என்ற இன்னொன்றில் கையால் திருத்துவேன். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. "மதுரை சோமு", "மதுரை எஸ். சோமசுந்தரம்", வெறும் "சோமு" என்று எழுதினால், அவரை மூன்று பாடகர்களாகவே மென்பொருள் பிரித்துக் காட்டும், ஆகவே யாருக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியலை முதலில் முடிவு செய்துவிடுவோம். சினிமாத் தட்டில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவதால், "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற இடத்தில் இசையமைப்பாளரைப் போட வேண்டும். இல்லையென்றால் ஒரே படத்தின் பாட்டுகள் ஐந்தாறு இடத்தில் சிதறிக் கிடக்கும்.

அத்தை, கே.கே. நகர்: கச்சேரித் தட்டில் ராகத்தை எங்கே எழுதுவாய்? நான் ராகத்தை வைத்துத்தான் பாட்டைத் தேடுவேன்.

நான்: பலர் பாட்டின் தலைப்போடு ஒட்டி எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் தோடிப் பாட்டுகளை மட்டும் ஓரிடத்தில் வரிசையாக அடுக்கிப் பார்க்க முடியாது. ஃப்ளாக் கோப்பில் ராகத்துக்கும் தாளத்துக்கும் நாமே தனி டேக், அதாவது விவரம் எழுதும் கட்டம், சேர்க்கலாம். டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் "தோடி", "ஆதி" என்று தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். பாடியவர் "ஆர்ட்டிஸ்ட்", இயற்றியவர் "கம்போசர்".

அத்தை, கே.கே. நகர்: கேசட்டிலிருந்து அப்பா எழுதி வைத்த தட்டுகளும் ஒரு பெட்டி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எதைக் கொண்டு வரட்டும்?

நான்: அவற்றையே முதலில் கொண்டு வாருங்கள் அத்தை. கடையில் விற்கும் தட்டு அச்சில் அழுத்தியது. வீட்டில் எழுதிய தட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெளிச்சமும் பட்டால் அது மங்கிப்போகும். கடைத் தட்டுக்கு இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும், தாத்தா எழுதியதற்குக் கிடைக்காது. உறைக்குள் இருக்கும் அட்டைகளையும் தட்டுகளோடு சேர்த்தே கொண்டு வாருங்கள். கச்சேரி நடந்த இடமும் தேதியும் அவற்றில்தான் இருக்கின்றன.