பூட்டன் நோட்டில் ‘பி.கு.’ என்று எழுதியிருக்கிறது: உபதேசியார்கள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈத்தாமொழிப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஈத்தாமொழியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம், அப்போது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே கறையான் அரித்த ஒரு வேதாகமம், கைப்பிடி போன சின்ன மணி, நூலால் தைத்த ஒரு நோட்டு. நோட்டு என் பாட்டாவின் அப்பாவுடையது. அவர் லண்டன் மிஷன் சபையில் உபதேசியாராக, அதாவது ஊர் மக்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தார், ஊர் ஊராக நடந்தே போவார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாட்டா இருந்தவரை நானும் கேட்கவில்லை, அது இப்போது உறுத்துகிறது.

நோட்டில் பிரசங்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பக்கம் பக்கமாக இப்படித்தான் இருக்கிறது: “பி.கு. – கூடினோர் 17 – கீர்த். 2 – பி.அ. 3 படி.” பி.கு. என்றால் பின்குறிப்பு என்றுதான் எனக்குத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வார்த்தையாகப் பின்குறிப்பு வருமா?

இரண்டு கேள்விகள். இந்தச் சுருக்கெழுத்து யாருக்காவது புரிகிறதா? அப்புறம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படி நடந்து நடந்து பிரசங்கம் பண்ணுகிற வழக்கம் எப்படி ஆரம்பித்தது? ரிங்கல்தௌபே என்ற பெயர் மட்டும் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஞாபகம்.

மயிலாடிக்காரன்:

அக்கா, ரிங்கல்தௌபேயிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கதை விட்டுப்போகும். எங்கள் ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, நடந்தது அப்படித்தான். முதலில் நடந்தவர் வேதமாணிக்கம்.

அவருடைய பழைய பெயர் மகராசன். மயிலாடியில் சாம்பவர் குடும்பம். சாமி கும்பிடச் சிதம்பரத்துக்குக் கால்நடையாகப் போனவர், திரும்பும்போது தஞ்சாவூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போகிறார், அங்கே மிஷனரியான கோலாஃப் ஐயர் பேசுவதைக் கேட்கிறார், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்புகிறார். இது 1799 வாக்கில். வந்து சும்மா இருக்கவில்லை, சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துத் தான் கேட்டதைச் சொல்லிக்கொடுக்கிறார். அதாவது வெள்ளைக்கார மிஷனரி ஒருவரும் மயிலாடிக்கு வராத காலத்திலேயே அங்கே ஒரு சின்னக் கூட்டம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டுப் போனதும் இவர்தான்.

வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1770இல் பிரஷ்யாவின் சிலேசியாவில் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி 1804இல் தரங்கம்பாடிக்கு வந்தார், தமிழ் படித்தார், 1806 ஏப்ரல் 25 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். நம் ஊர்களெல்லாம் அப்போது அந்த ராஜ்ஜியத்தில்தான் இருந்தன. கோயில் கட்ட அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே உதவியும் வேண்டியிருந்தது, நடுவில் ஆங்கிலேயருக்கு எதிரான வேலுத்தம்பி தளவாயின் கலகம் வேறு. அந்தக் களேபரத்தில் வேதமாணிக்கம் மருந்துவாழ் மலையில் ஒளிந்திருந்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். கடைசியில் 1809இல் மயிலாடியில் வேதக்கோயில் எழும்பியது.

ரிங்கல்தௌபே பற்றி எனக்கு மனசில் நிற்பது அவர் வாழ்ந்த விதம். சம்பளத்தில் பெரும்பங்கை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவார். 1816இல் உடம்பு ரொம்ப மோசமாகி ஊரை விட்டுக் கிளம்பியபோது பொறுப்பையெல்லாம் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சென்னையில் அவரைப் பார்த்தவர்கள், மேலே போட ஒரு கோட்டுகூட இல்லாமல் ஓலைத்தொப்பியோடு நின்றார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பல் ஏறி மலாக்கா வரை போனார், அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கல்லறை எங்கே என்றே தெரியாத மனிதர்.

அடுத்த மிஷனரியான மீட் ஐயர் 1818இல்தான் வந்து சேர்கிறார். நடுவில் இரண்டு வருஷம் அத்தனை சபைகளையும் நடந்தே பார்த்துக்கொண்டது வேதமாணிக்கமும் கூட இருந்த உபதேசிமாரும்தான். உங்கள் பூட்டன் அந்த வரிசையில் வந்தவர் அக்கா.

கடியப்பட்டணம் ஜோ:

கடற்கரைப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1544 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையோரம் முழுக்க நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி, ஜனங்களைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். கிளம்பும்போது அதே ஜெபங்களை ஊருக்கு ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, நீ சொல்லிக்கொடு என்று விட்டுப் போவார். அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகும் ஜெபம் நிற்காமல் இருந்ததற்கு இவர்கள்தான் காரணம். சபை வேறு, காலம் வேறு, ஆனால் உள்ளூர் ஆள் இல்லாமல் எதுவும் தங்காது என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நெய்யூர் வாத்தியார்:

தம்பி மயிலாடிக்காரன் நன்றாகச் சொல்லியிருக்கிறார். நோட்டு விஷயத்துக்கு வருகிறேன் மகளே. பி.கு. பின்குறிப்பு அல்ல, பிச்சைக்குடியிருப்பு. ரிங்கல்தௌபே காலத்துச் சபைகள் ஏழில் அதுவும் ஒன்று. மயிலாடி, தாமரைக்குளம், புத்தளம், உங்கள் ஈத்தாமொழி எல்லாம் அந்த ஏழில் வரும். பி.அ. என்பது பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். என் அம்மா கலயத்தில் போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள், அது ஜெபம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 3 படி அரிசி என்றால் எத்தனை அடுப்பில் எத்தனை பிடி என்று எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டுக்கே திண்டாடிய வீடுகள் அவை.

உபதேசியார் என்றால் ஞாயிறு ஒரு நாள் பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார், சீக்காளி வீட்டுக்குப் போவார், சாவு விழுந்தால் முதல் ஆளாக நிற்பார், தாலுகா கச்சேரிக்கு மனு எழுதிக் கொடுப்பார். பதநீர்க் காலத்தில் பனையேறுகிறவர்களைப் பகலில் பிடிக்கவே முடியாது, காலையிலும் சாயங்காலமும் மரத்து மேல்தான் இருப்பார்கள். அதனால் கூட்டமெல்லாம் ராத்திரி, கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பு அணைந்த பிறகு. உபதேசியார் கையிலே மணி அடித்துக்கொண்டே பனைவிளைக்குள் வருவார். உங்கள் பெட்டியில் இருக்கிற மணி அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று நாம் ‘ஊழியம்’ என்றால் சபை வேலை என்று எடுத்துக்கொள்கிறோம். அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் சர்க்காருக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலை. தலைச்சுமை தூக்க வா என்று கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது அதிலிருந்து விலக்கு கிடைத்ததில் ரெசிடென்ட் மன்றோவுக்குப் பங்கு உண்டு. அடித்து வாங்கிய வேலைக்கு இருந்த பெயரை, விரும்பிச் செய்கிற வேலைக்கு அந்த ஜனங்கள் சொன்னார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சும்மா நடந்துவிட்டு வரவும் விடவில்லை. பெண்கள் மார்பை மறைத்து மேல்துணி போடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822 வாக்கில் ஆரம்பித்து, 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிவிப்பு வரும்வரை விட்டு விட்டு நடந்தது. பெண்களின் மேல்துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். சாம்பல் ஆறும் முன்னே மறுபடியும் ஓலை வேய்ந்து கூடிய சபைகள் உண்டு. இத்தனைக்கும் உள்ளூர் ஆட்களுக்கு முறையாகக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1860களில்தான். அதுவரை சுமந்ததெல்லாம் உபதேசிமார். மிஷனரிகளுக்குச் சிலை, மண்டபம், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்தவர்களின் பெயர்களையும் ஒவ்வொரு கோயில் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் சபைக் கூட்டத்தில் பலதடவை கேட்டுவிட்டேன்.

வடசேரி சேனைவீட்டுக்காரி:

நான் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) குடும்பம், அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேத்தரினும் 1865இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், குடியும் வறுமையும் நிறைந்த தெருக்களில் ஆரம்பித்த வேலை இது. பூத் முதலில் மெத்தடிஸ்ட் போதகர். ஒரே சபையில் உட்காரச் சொன்னபோது முடியாது, ஊர் ஊராகப் போகத்தான் அழைப்பு என்று 1861இல் வெளியே வந்தவர். சேனை என்ற பெயர் 1878இல் வந்தது.

இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பிரெடரிக் டக்கர். பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, அந்த வேலையை உதறியவர். 1882 செப்டம்பர் 19 அன்று மூன்று பேரோடு பம்பாயில் இறங்கினார். காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, செருப்பில்லாமல் நடந்து, பிச்சை வாங்கிச் சாப்பிட்டார். ஃபக்கீர் சிங் என்றே பெயர் வைத்துக்கொண்டார். வெயிலில் கால் கொப்பளித்துப் படுத்தவர்கள் அவர் ஆட்களில் நிறையப் பேர்.

நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளம் அதிகாரி 1890களில் தன் வீட்டுக் குளியலறையிலேயே மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து இன்றைய கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. அவர் 1919இல் வஜீரிஸ்தானில் அடிபட்டவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார், வீரத்துக்கான பிரிட்டிஷாரின் உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். என் பாட்டி அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆயாவாக இருந்தாள். சாயங்காலம் மேளம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டுத் தெருமுனைக் கூட்டத்துக்கு ஓடுவாளாம்.

ஈத்தாமொழிப் பேத்தி:

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. தம்பி, அண்ணே, அக்கா, உங்களுக்கும். நேற்று ராத்திரி நோட்டை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தா.கு. தாமரைக்குளம், பு. புத்தளம். இப்போது ஒவ்வொரு வரியும் ஊராகத் தெரிகிறது. ஒரே வாரத்தில் மூன்று ஊர் போய்விட்டு ஈத்தாமொழி திரும்பியிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “பு. – மழை – கூடினோர் 1 – கீர்த். 3.” மற்ற நாட்களில் எல்லாம் இரண்டு கீர்த்தனைதான். வந்தது ஒரே ஆள், அன்றைக்கு மூன்று பாடியிருக்கிறார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

தாள் தொட்டாலே பொடிகிறது, நடுவில் எட்டுப் பத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனில் படம் எடுத்தால் போதுமா, இல்லை பழைய தாளைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள் நாகர்கோவில் பக்கம் யாராவது இருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை நான் அந்தப் பக்கங்களைத் தொடப் போவதில்லை.