செம்பூர் புத்தகப் புழுக்கள் 📚

வித்யா: மாமா, நம்ம அபார்ட்மென்ட் சொசைட்டி லைப்ரரி கபாட்ல கீழ்த்தட்டு புக் பூரா ஓட்டை ஓட்டையா இருக்கு. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து யாரும் திறக்கல. அந்துருண்டை போட்டா போதுமா?

ராமன் மாமா: என்ன பூச்சின்னு தெரியாம எதுவும் போடாதே. ஓட்டை குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையா இருக்கா? பக்கம் பக்கமா நேரா துளைச்சுண்டு போறதா? கீழே மாவு உதிர்ந்திருக்கா?

வித்யா: 📷 தட்டினா பொடி கொட்டுது. முதுகுப் பக்கம்தான் ஜாஸ்தி.

ராமன் மாமா: அப்போ வண்டோட புழுதான். முதுகுல பசை இருக்கோன்னோ, அதான். பழைய பைண்டிங் எல்லாம் மைதாப் பசை. மயில்துத்தம்னு பூச்சிக்கு விஷமான உப்பு, அதைக் கலக்காம காய்ச்சியிருந்தா புழுவுக்கு விருந்து. புழு காகிதத்துக்குள்ளே இருக்கு, மேலே துடைச்சா போகாது.

சுமதி: இராமபாணப் பூச்சி, அதான் சில்வர்ஃபிஷ், இப்படித் துளைக்காது வித்யா. அது அட்டையையும் லேபிளையும் திட்டுத்திட்டா சுரண்டும். மண் தடம் இருந்தா செல்லு, அதான் கரையான். கபாடையே சுவத்துலேர்ந்து இழுத்துப் பாக்கணும், பெஸ்ட் கண்ட்ரோல்காரரையும் கூப்பிடணும்.

முருகேசன் அண்ணன்: புழுவுக்கு ஃப்ரீஸர்தான் வழி. தடிமனான பாலிதீன் கவர்ல ரெண்டு மூணு புக்கா வச்சு, காத்தை அமுக்கி எடுத்துட்டு டேப் ஒட்டிருங்க. மைனஸ் 18 டிகிரில ரெண்டு வாரம் இருக்கட்டும். வீட்டு ஃப்ரீஸர்ல மெதுவாத்தான் குளிர் ஏறும், அதனால நாளைக் குறைக்காதீங்க. நெருக்கி அடைச்சா நடு புக்குக்குக் குளிரே போகாது.

முருகேசன் அண்ணன்: வெளிய எடுத்ததும் கவரைப் பிரிச்சிராதீங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே வெளிய கிடக்கணும். பிரிச்சா நீர் புக் மேலயே கோத்துக்கும், அடுத்த வாரமே பூஞ்சை. ஈரமான புக்கை முதல்லயே காயவச்சிட்டுத்தான் ஃப்ரீஸர் உள்ள வைக்கணும்.

வித்யா: 40 புக் இருக்கே அண்ணே, மீதி?

முருகேசன் அண்ணன்: எல்லாத்தையும் இன்னைக்கே கவர்ல போட்டு ஒட்டிருங்க. முறை வச்சு உள்ள வச்சுக்கலாம்.

பத்மா மாமி: மொட்டைமாடி வெயில்ல ஒரு நாள் போட்டா ஆகாதா?

ராமன் மாமா: வேண்டாம். உள்ளே இருக்கிற புழு சாகாது, காகிதம்தான் மஞ்சளாகி மொடமொடன்னு உடையும், முதுகுப் பசை விரியும். நிழல்ல பங்காக்குக் கீழே விரிச்சு வைக்கலாம்.

சுமதி: அந்துருண்டையும் வேண்டாம். சின்னக் குழந்தைங்க உக்காந்து படிக்கிற ரூம். ஜி6பிடின்னு ரத்த அணுவைக் காக்கிற நொதி பிறவிலேயே குறைவா இருக்கிற குழந்தைக்கு அதனால ரத்த அணுவே உடையும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் முறைல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடிச்சு, கற்பூரம் சேர்த்து துணி முடிச்சா வைக்கலாம். ஆனா அது பூச்சியை அண்டவிடாம இருக்கத்தான், உள்ள இருக்கிறதைக் கொல்லாது. வேப்பிலைன்னா சருகா காஞ்சிருக்கணும். பச்சையா வச்சா அந்த ஈரமே கெடுதல்.

ராமன் மாமா: ஃப்ரீஸர்லேர்ந்து வந்த ஒவ்வொரு புஸ்தகத்தையும் பால்கனில வெச்சு, மெத்துனு இருக்கிற பெயிண்ட் பிரஷ்ஷால முதுகுலேர்ந்து வெளிப்பக்கமா தள்ளி, பொடி பூரா உதிர்த்துடு. மாஸ்க் போட்டுக்கோ. அப்புறம் கறுப்பு சார்ட் பேப்பர் மேலே ஒரு மாசம் படுக்க வை. புதுசா பொடி விழுந்தா புழு இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். பழைய பொடியைச் சரியா உதிர்க்கலைன்னா இந்தச் சோதனையே பிரயோஜனமில்லை.

சுமதி: கபாடையும் கவனி. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சை வரும், ஜூலைல பம்பாய்ல சராசரியே 80க்கு மேலதான். வெளிச் சுவத்துலேர்ந்து கபாட் நாலு விரலாவது தள்ளி நிக்கணும். புக்கை இறுக்கி அடுக்காதே, ஒரு விரல் சுலபமா நுழையணும்.

வித்யா: சரிக்கா. கவர் இன்னைக்கு வாங்கிடறேன். யார் வீட்டு ஃப்ரீஸர்ல இடம் இருக்கு?

பத்மா மாமி: எங்காத்துல கீழ்த்தட்டு காலி. நாலு கவர் கொடுத்தனுப்பு.

முருகேசன் அண்ணன்: இங்க ரெண்டு. கவர் மேல தேதி எழுதிருங்க.